கத்துக்குட்டிகள் எழுதும் மொய்

தெருவில் கிட்டிப்புள்ளும் ஐஸ்பாயும் ஆடியவர்களுக்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அண்ணன் பின்னாலேயே வந்து நிற்கும் ஐந்து வயதுத் தம்பியை விரட்ட முடியாது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் அடி விழும். கட்சியில் சேர்க்கவும் முடியாது. சேர்த்த கட்சி தோற்கும். ஆகவே அவன் ஒப்புக்குச் சப்பாணி. எல்லாரோடும் ஓடலாம், கத்தலாம். பிடிபட்டாலும் அவுட் இல்லை. அவன் ஜெயித்தாலும் கணக்கில் வராது. இப்படியே ஒன்றிரண்டு வருஷம் கழியும். ஒருநாள் ஆள் குறையும்போது யாராவது, ‘அவனையும் சேர்த்துக்கடா, நல்லாத்தான் ஓடறான்’ என்பார்கள். (அந்தச் சொல் இன்றைய காதுக்கு உறுத்தும் என்பது சரிதான். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடு.)

இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலும் இந்தப் பதவி கிடையாது. நேற்றுச் சேர்ந்தவரும் இருபது வருஷமாக ஆடுபவரும் ஒரே களத்தில், ஒரே விதிகளின்படி மோதுகிறார்கள். கேட்பதற்குச் சமத்துவம்போல இருக்கிறது. நடப்பது வேறு. புதியவருக்கு அங்கே ‘நூப்’ என்று பெயர். புதுவரவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று தேய்ந்து உருவானது. இப்போது முழு வசைச்சொல். நம்மிடம் ‘கத்துக்குட்டி’ இருக்கிறது, அதில் கொஞ்சமாவது வாஞ்சையும் இருக்கிறது. எதிரே நிற்பவர்களோ பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்களிடம் கத்துக்குட்டி ஏன் அப்படித் தோற்கிறார், தோற்று ஓடிப்போனால் நஷ்டம் யாருக்கு என்பதை எனக்குப் பழக்கமான ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். கணினி விளையாட்டென்றாலே பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999-இல் வந்த விளையாட்டு. ஓர் அரசை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து வளர்த்து எதிரியின் அரசை வீழ்த்த வேண்டும். 2019-இல் புதுப்பித்த பதிப்பு வந்தபிறகு கூட்டம் மறுபடி கூடியது. 2022-இல் திராவிடர்களும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டார்கள். ராஜேந்திர சோழனின் கதை, சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல் எல்லாம் உண்டு. (நல்ல குதிரைப்படை மட்டும் தரவில்லை. என் நண்பர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.)

ஆட்டம் தொடங்கும்போது பெரும்பாலான இனங்களுக்குக் கையில் இருப்பது ஒரு நகர மையம், 3 குடியானவர்கள், வேவு பார்க்க ஒரு குதிரைவீரன், 200 உணவு. புதிதாக ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். வீடு கட்டினால் ஐந்து பேருக்கு இடம். அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் ஏறக்குறைய வீட்டுக் கணக்கு எழுதும் வேலை. ஆடு மேய்ப்பது, விறகு வெட்டுவது, பழம் பறிப்பது. கோட்டையும் யானையும் பார்க்க வந்த கத்துக்குட்டிக்கு இது பொழுதுபோகாத பகுதி. ஒரு குடியானவரை உருவாக்கச் சொல்லிவிட்டு ஆடுகளை வேடிக்கை பார்ப்பார். நினைவு வந்தபோது அடுத்தவர்.

கூட்டல் கழித்தல் மட்டும் செய்வோம். நகர மையம் ஒரு நொடிகூடச் சும்மா இராமல் 25 விநாடிக்கு ஒருவராக உருவாக்கினால் பத்து நிமிடத்தில் 24 பேர். பழைய மூவரோடு 27. கத்துக்குட்டியின் மையம் பாதி நேரம் சும்மா இருந்தால் 12 பேர், ஆக 15. (அடுத்த யுகத்துக்கு மாறுவதற்கு ஆகும் இடைவெளியை விட்டுவிடுகிறேன்.) 27-க்கு 15 என்றால் ஏதோ சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் முதலில் பிறந்தவர் முதலிலிருந்தே உழைக்கிறார். சராசரியாக அனுபவசாலியிடம் 15 பேர், பத்து நிமிடம்: 150 ஆள்-நிமிட உழைப்பு. புதியவரிடம் 9 பேர்: 90. இன்னும் ஒரு வாளும் உறையைவிட்டு வெளியே வரவில்லை, அதற்குள் ஒருவரிடம் மற்றவரின் உழைப்பில் ஐந்தில் மூன்று பங்குதான்.

இதற்கு மேல் காட்டுப்பன்றி வேறு. ஒவ்வொருவர் ஊருக்குப் பக்கத்திலும் வழக்கமாக இரண்டு திரியும். ஒன்றில் 340 உணவு. ஓர் ஆட்டில் 100தான். அனுபவசாலி ஒரு குடியானவரை அனுப்பி அம்பு விட்டுச் சீண்டி, துரத்தும் பன்றியை நகர மையத்தின் வாசல்வரை ஓடவிட்டு, அங்கே காத்திருக்கும் ஆறேழு பேரைக்கொண்டு வீழ்த்துவார். கத்துக்குட்டி ஒரே ஓர் ஆளை அனுப்பிவிட்டு மறந்துபோவார். புதியவர்கள் பலரின் முதல் உயிர்ச்சேதம் பன்றியால் நேர்வதுதான். எதிரி இன்னும் வந்தபாடில்லை.

பத்து, பதினோராவது நிமிடத்தில் வருவார். மூன்று நான்கு குதிரைவீரர்கள் விறகு வெட்டும் இடத்தில் புகுந்து குடியானவர்களை வெட்டுவார்கள். கத்துக்குட்டி ஈட்டி வீரர்களைத் தயார்செய்யலாம் என்று பார்த்தால் உணவு இல்லை, மரம் இல்லை, வீட்டில் இடமும் இல்லை. இருபது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

நான் முக்கியமாகக் கருதுவது இதற்குப் பிறகு நடப்பது. சதுரங்கத்தில் என் ராணியை வெட்டினால் எந்தக் காய் வெட்டியது, நான் எங்கே கண்ணை மூடினேன் என்பது பலகையிலேயே தெரியும். இங்கே பிழை நடந்தது இரண்டாவது நிமிடத்தில். அடி விழுந்தது பதினோராவது நிமிடத்தில். எதிரியின் ஊரோ இருளுக்குள் மறைந்திருக்கிறது, அங்கே 27 பேர் இருந்தார்கள் என்பதை அவர் பார்க்கவே இல்லை. ‘குதிரைவீரன் ரொம்ப பலசாலி’ என்ற முடிவுக்கு வருகிறார். அடுத்த ஆட்டத்தில் மதில் கட்டுகிறார், மறுபடி தோற்கிறார். தோல்வியிலிருந்து பாடம் கற்கலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தோல்வி தன் காரணத்தைக் காட்டினால்தானே கற்க முடியும்?

‘அப்படியானால் தனக்குச் சமமானவரோடு ஆடட்டுமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு கணிதம் இருக்கிறது, அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ஆர்பாட் ஈலோ. சதுரங்க ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. கருத்து எளிது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இருவர் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வெற்றி வாய்ப்பைச் சொல்லும். 200 புள்ளி வித்தியாசம் என்றால் வலியவர் நான்கில் மூன்று ஆட்டம் வெல்வார். 400 என்றால் பத்துக்கு ஒன்று என்ற விகிதம். ஆட்டம் முடிந்ததும் தோற்றவரிடமிருந்து சில புள்ளிகள் வென்றவருக்குப் போகும். இணைய விளையாட்டுகள் பலவற்றில் ஓடுவது இந்த முறையோ இதன் பேரப்பிள்ளைகளோதான்.

கேள்வி: யாரோடும் ஆடியிராத புதியவருக்கு என்ன எண் கொடுப்பது? ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். நான் சொல்லும் ஆட்டத்தில் 1000. ஆனால் முதல்நாள் வந்தவரின் உண்மையான தரம் 700 என்று வைத்துக்கொள்வோம். முறை அவரை 1000 புள்ளிக்காரரோடு மோதவிடும். ஈலோ சூத்திரப்படி அவர் வெல்ல வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. சதுரங்க மன்றங்களில் பழக்கமான கணக்கின்படி, சம எண் உள்ளவரிடம் தோற்றால் 16 புள்ளி போகும். 300 புள்ளி இறங்க, தோல்விகள் வெற்றிகளைவிடப் பத்தொன்பதாவது அதிகமாக வேண்டும். ஆட்டத்துக்கு அரைமணி என்றால் ஏறத்தாழ பத்து மணிநேரம் அடி வாங்கினால்தான் சமமானவரைச் சந்திக்கவே முடியும். அதுவரை யார் இருப்பார்கள்? வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்காரும் ஒருவர் இரண்டு வாரத்து இரவுகளை இப்படிக் கொடுப்பாரா?

மென்பொருள்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. சதுரங்கத்துக்காக மார்க் கிளிக்மன் 1995-இல் ‘கிளிக்கோ’ என்ற முறையை உருவாக்கினார். மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக ‘ட்ரூஸ்கில்’ உருவாயிற்று. இரண்டிலும் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்கள்: ஒன்று உங்கள் தரம் பற்றிய கணிப்பு, மற்றது அந்தக் கணிப்பின்மீது முறைக்கே உள்ள சந்தேகம். ட்ரூஸ்கில்லில் புதியவரின் கணிப்பு 25, சந்தேகம் 8.33. கணிப்பிலிருந்து சந்தேகத்தின் மும்மடங்கைக் கழித்துத் தரவரிசை போடுவார்கள் என்பதால் புதியவர் பூஜ்யத்தில் தொடங்குகிறார். சந்தேகம் பெரிதாக இருக்கும்போது ஒவ்வோர் ஆட்டமும் எண்ணைப் பெரிதாக அசைக்கும். அதனால் சரியான இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம். ‘உன்னைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது’ என்று ஒரு நிரல் ஒப்புக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. சில அலுவலக நேர்முகத் தேர்வுகளில்கூட இந்தப் பணிவைக் காண முடிவதில்லை.

ஆனால் எந்தச் சூத்திரமும் இல்லாத ஆளை உண்டாக்காது. 700-இல் இருப்பவருக்கு இன்னொரு 700 வேண்டும். அவரும் இதே நேரத்தில் விழித்திருக்க வேண்டும், இதே கண்டத்தில் இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நிரல் வலையை அகலப்படுத்தி 900-த்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

நிற்க. ஈலோ கணக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒருவர் இழக்கும் புள்ளி மற்றவருக்குப் போகிறது என்றேன். 1000-த்தோடு வந்த கத்துக்குட்டி 300 புள்ளியைத் தோற்று, வெறுத்து, கணினியை அணைத்துவிட்டுத் திரும்பி வராமல் போகிறார். அந்த 300 எங்கே போயிற்று? அவரை வென்றவர்களிடம் இருக்கிறது. அவர்களை வென்றவர்களிடம் அதில் கொஞ்சம். அப்படியே மேலே மேலே. உச்சியில் இருப்பவரின் எண்ணில், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே போன எத்தனையோ பேரின் காசு கலந்திருக்கிறது.

போனவரால் வேறொன்றும் நடக்கிறது. அதுவரை கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தவர் இப்போது கடைசி. நேற்றுவரை அவ்வப்போது ஒருவரையாவது வென்றவர் இன்று யாரையும் வெல்வதில்லை. அவரும் போகிறார். கீழ்ப்படி இற்று விழ விழ, ஏணியின் முதற்படி தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகிறது. பழைய ஆட்டங்களில் ‘தொடக்கநிலை’ என்று சொல்லிக்கொள்பவரே பத்து வருஷம் ஆடியவராக இருப்பதன் ரகசியம் இதுதான். யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. நிற்கத் தெரிந்தவர்கள் மட்டும் நின்றிருக்கிறார்கள்.

கத்துக்குட்டிகளுக்குப் போக வேறு இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1997-இல் வந்த ‘அல்டிமா ஆன்லைன்’ ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் வாழும் விளையாட்டு. தையற்காரராக, கொல்லராக, மீனவராகக் காலம் தள்ளலாம். ஆனால் ஊரெல்லையைத் தாண்டினால் வழிப்பறிக்காரர்கள். அவர்களும் நம்மைப்போல ஆட்டக்காரர்கள்தான். புதியவரைக் கொன்று கையில் இருப்பதை உருவிக்கொள்வது அவர்களுக்குத் தொழில். கொலைகாரரின் பெயரைச் சிவப்பில் காட்டிப் பார்த்தார்கள், தண்டனை விதித்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. 2000-இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். சம்மதமில்லாமல் ஒருவரை ஒருவர் கொல்ல முடியாத ‘ட்ராமல்’, பழைய சட்டமே செல்லும் ‘ஃபெலூக்கா’. மக்கள் மூட்டை முடிச்சோடு ட்ராமலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஃபெலூக்காவில் மிஞ்சிய ஓநாய்கள், ஆடு இல்லாத காட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் புலம்பியது இன்றுவரை ஓயவில்லை. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு: ஆபத்தில்லாத காட்டுக்குள் நடப்பதில் என்ன சுவை? ஆனால் அந்தச் சுவைக்கான விலையைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள்.

வழிப்பறிக்கு இன்றைய வடிவம் ‘ஸ்மர்ஃப்’. பெரிய கை ஒருவர் புதுப் பெயரில், புதுக் கணக்கில் வந்து கத்துக்குட்டிகளிடையே உட்கார்ந்துகொள்வது. ஊர் மன்றத்தில் ஆடும் சிறுவர்களிடையே மாநில அணி வீரர் முகமூடி போட்டுக்கொண்டு பந்து வீசுவதுபோல. முன்னே சொன்ன சூத்திரங்களை இது ஒரே அடியில் பொய்யாக்கிவிடுகிறது. ‘டோட்டா 2’-வை நடத்தும் வால்வ் நிறுவனம் 2023-இல் இப்படிப்பட்ட 90,000 கணக்குகளைத் தடைசெய்தது.

டோட்டாவைப் பற்றிப் பேசும்போது வசவையும் சொல்லிவிட வேண்டும். சதுரங்கத்தில் கத்துக்குட்டி தன்னை மட்டுமே கெடுத்துக்கொள்கிறார். டோட்டா ஐந்துபேர் அணி. உங்களைக் கொன்ற எதிரிக்குப் பொன்னும் அனுபவமும் கிடைக்கும். அவர் இன்னும் பலசாலியாகி உங்கள் தோழர்களைக் கொல்வார். இதற்கு ‘தீனி போடுவது’ என்றே பெயர். ஆக, தெரியாமல் சாகும் கத்துக்குட்டி எதிரியை வளர்ப்பவராகிறார், நாற்பது நிமிடத்துக்கு விலகவும் முடியாமல் நான்குபேர் அவரோடு கட்டுண்டு கிடக்கிறார்கள். அந்த நான்குபேரின் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. ஆட்டக்காரர்கள் பண்பற்றவர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கென்னவோ விதிகளை எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டென்று தோன்றுகிறது. துப்பாக்கி விளையாட்டான ‘கவுண்ட்டர் ஸ்ட்ரைக்’கில் தொடர்ந்து தோற்கும் அணிக்குக் கூடுதல் பணம் தருவார்கள், அடுத்த சுற்றில் நல்ல ஆயுதம் வாங்கிக்கொள்ள. விழுந்தவருக்குக் கைகொடுக்கவும் விதி எழுத முடியும்.

சில நிறுவனங்கள் கண்டுபிடித்திருக்கும் வழி எனக்கு உவப்பானது இல்லை. 2019-இல் ‘ஃபோர்ட்நைட்’டிலும் 2020-இல் ‘பப்ஜி’யின் கணினிப் பதிப்பிலும் மனிதரைப்போல ஓடும் இயந்திரப் பொம்மைகளைச் சேர்த்தார்கள். புதியவர் சுட்டால் விழும், தானாக அதிகம் சுடாது. வெற்றியின் சுவை காட்டி வைத்துக்கொள்ளும் உத்தி. குழந்தையோடு ஓடும் தாத்தா வேண்டுமென்றே தோற்பதில்லையா என்று கேட்கலாம். தாத்தா தோற்றது நாலு நாளில் பேரனுக்கே தெரிந்துவிடும். அந்தப் பொய்யில் இரண்டுபேர் இருக்கிறார்கள்.

உவப்பான வழி ஒன்றை ஐஸ்லாந்துக்காரர்களிடம் பார்த்தேன். சிசிபி என்ற ரெய்க்யவிக் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ ஒரு விண்வெளி உலகம். புதியவர்களுக்குக் கொடூரமானது என்று பெயர்பெற்றது. அங்கே திறமைகள் கடிகாரப்படி வளர்கின்றன. நீங்கள் தூங்கினாலும் வளரும். ஆகவே பத்து வருஷம் முன்னால் வந்தவரை எட்டிப்பிடிக்கவே முடியாது. (2016-லிருந்து திறமையைக் காசுக்கு வாங்கலாம், அது வேறு கதை.) ஆனால் எந்தத் தனித் திறமையும் ஐந்தாம் நிலைக்கு மேல் போகாது. பழையவருக்கு நூறு வித்தை தெரியலாம், ஒரே வித்தையில் புதியவர் சில வாரத்தில் அவர் தோளுக்கு வந்துவிடலாம். அதைவிட அழகானது அங்குள்ள ஒரு சிறு வேலை. பெரிய கப்பல் ஆபத்தென்றால் தாவி மறைந்துவிடும். அது தாவ முடியாதபடி பிடித்துவைக்கும் கருவியை மிக மலிவான சின்னக் கப்பலிலும் பொருத்தலாம். சேர்ந்து சில நாளே ஆன ஒருவர், அந்தச் சின்னக் கப்பலை ஓட்டிக்கொண்டுபோய்ப் பெரிய திமிங்கிலத்தின் வாலைக் கவ்விக்கொள்ளலாம். பெரும்பாலும் அவர் கப்பல் நொறுங்கும். அதற்குள் அணி வந்து சேர்ந்துவிடும். படைத்தலைவர்களே இவர்களைத் தேடி அழைக்கிறார்கள். அங்கே ‘ஈவ் யுனிவர்சிட்டி’ என்று 2004-லிருந்து பழைய ஆட்டக்காரர்கள் நடத்தும் பள்ளிக்கூடமே இருக்கிறது. தர்மம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு ஆள் வேண்டும்.

எங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. கல்லூரி விடுதியில் வலைப்பின்னல் கம்பி இழுத்து இந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆடிய எட்டுப்பேர், இப்போது நான்கு நாடுகளில் இருக்கிறோம். எனக்குச் சனிக்கிழமை காலை, சென்னையில் இருப்பவனுக்கு இரவு. ஊர்க்கதை, அப்பா அம்மா உடம்பு, விசா எல்லாம் அந்த ஆட்டத்தின் நடுவில்தான் பேசிக்கொள்வோம். தொலைபேசியில் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். எட்டு ஆறாகி, ஆறு நான்காயிற்று. புதிதாக அழைத்த அலுவலக நண்பர்கள் இருவர் மூன்றாவது வாரம் ஏதோ வேலை என்றார்கள். மூன்றுபேரானால் கட்சி பிரிக்க முடியாது, கூட்டம் கலைந்துவிடும்.

அக்கா மகன் கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனைச் சேர்த்தோம். முதல் ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “மாமா, இதுல எனக்கு என்ன வேலை?”

இந்த ஆட்டத்தில் அதிகம்பேர் பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு. தரப்புள்ளி இல்லாத நட்பு ஆட்டத்தில் இருவர் ஒரே எண்ணைத் தேர்ந்துகொண்டால் ஒரே அரசை இருவரும் சேர்ந்து ஆளலாம். ஒரே நகர மையம், ஒரே களஞ்சியம், இரண்டு கைகள். படை என் பொறுப்பு, குடியானவர்கள் அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். என் பத்தாவது நிமிடம் எங்கிருந்து வருகிறது என்பதை அவன் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கிறான். மையம் சும்மா நின்றால் நான் கத்துகிறேன். நான் குதிரைகளைச் சேற்றில் விட்ட மாதிரி விட்டால் அவன் கத்துகிறான். ஆறாவது வாரத்தில் பத்து நிமிடத்துக்கு 22 குடியானவர்கள் வந்துவிட்டார்கள். போன சனிக்கிழமை எதிர்க்கட்சியில் ஓர் இடம் காலியாக, “அவனை எங்ககிட்ட விடுடா” என்று சிட்னிக்காரன் கேட்டான். கொடுக்கவில்லை. காட்டுப்பன்றியை மட்டும் இன்னும் நான்தான் இழுத்து வருகிறேன்.